முடி சூட்டப்பட்ட பாலகன்: கோட்டை அரசன் தர்மபாலனின் வரலாறு

யூபிலி என்பது கொடியேற்றமும் தேர்ப்பவனியும் வாணவேடிக்கையும் மட்டுமன்று. நின்று திரும்பிப் பார்க்கும் காலமும் ஆகும். நமக்கு இந்த விசுவாசம் எப்படி வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? யார் காத்துத் தந்தார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது குருக்களின் பெயர்களும் ஆயர்களின் பெயர்களும் முன்னே வந்து நிற்கின்றன. அரசர்களின் பெயர்களும் ஒன்றிரண்டு வருகின்றன. அப்படி வரும் ஓர் அரசனின் கதையை இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றோம். அவன் நம் கடலுக்கு அக்கரையில், இலங்கையில் வாழ்ந்தவன், சிறுவனாக இருக்கும்போதே அரசனானவன், கத்தோலிக்கனாக மாறியவன், தன் நாடு முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு இறந்தவன். தர்மபாலன் என்பது அவன் பெயர்.

தொட்டிலில் ஒரு முடி

சிறுவர்கள் அரசராவது உலக வரலாற்றில் புதிதன்று. ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டில் 1440ஆம் ஆண்டில் லாடிஸ்லாஸ் என்னும் குழந்தை பிறந்தது. தந்தை இறந்த பின் பிறந்த பிள்ளை. பூட்டிவைத்திருந்த புனித முடியை அரசியின் பணிப்பெண் ஒருத்தி இரகசியமாக எடுத்து, தலையணைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். பிறந்து 12 வாரமே ஆன அந்தக் குழந்தையின் தலைக்கு மேல் அம்முடியைப் பிடித்து அரசன் என்றார்கள். பிறகு அவன் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி மாறி வளர்ந்தான். 1456இல் துருக்கிப் படை பெல்கிரேடு கோட்டையை முற்றுகையிட்டபோது இளம் அரசன் வேட்டைக்குப் போவதாகச் சொல்லித் தலைநகரை விட்டு அகன்றான். கோட்டையைக் காத்தவர்கள் ஹுன்யாடி என்னும் தளபதியும், கபிஸ்திரானோ நகர்ப் புனித யோவான் என்னும் முதிய துறவியும், அவர் பின்னே அரிவாளும் தடியும் ஏந்தி வந்த ஏழைக் குடியானவர்களுமே. அந்த ஆபத்துக் காலத்தில்தான் நண்பகலில் கோவில் மணி அடித்துச் செபிக்கும்படி திருத்தந்தை 3ஆம் கலிஸ்துஸ் பணித்தார். அவ்வரசனோ மறு ஆண்டே, 17 வயதில், பிராக் நகரில் இறந்துபோனான்.

முடி ஒருவர் தலையில் இருக்க, பாரத்தை வேறொருவர் சுமப்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. இதற்கு நூறாண்டு கழித்து இலங்கையில் நடந்ததோ இதனினும் உருக்கமானது.

மூன்று சகோதரர்கள்

இன்றைய கொழும்பு நகரிலிருந்து சில மைல் தொலைவில் உள்ளது கோட்டை. ஊரின் பெயரே அதுதான். 15ஆம் நூற்றாண்டில் 6ஆம் பராக்கிரமபாகு காலத்தில் யாழ்ப்பாணத்தையும் சேர்த்து இலங்கை முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த பெருமை அதற்கு உண்டு. போர்த்துக்கீசியர் 1505, 1506 வாக்கில் இலங்கைக் கரையை அடைந்தபோது அந்தப் பெருமை தேய்ந்து கொண்டிருந்தது. ஆனால் இலவங்கப் பட்டை விளைந்தது அந்த நாட்டில்தான். ஐரோப்பியச் சந்தையில் பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்ட பட்டை அது.

1521இல் அரசன் விஜயபாகுவை அவன் மூன்று புதல்வர்களும் சேர்ந்து கொல்வித்தார்கள். நாட்டை மூன்றாகப் பங்கிட்டுக் கொண்டார்கள். மூத்தவன் புவனேகபாகுவுக்குக் கோட்டை, நடுவனுக்கு இரய்கமை, இளையவன் மாயாதுன்னைக்குச் சீதாவாக்கை. தந்தையின் இரத்தத்தில் பிரித்த பங்கு யாருக்கும் நிம்மதி தரவில்லை. துணிவும் திறமையும் மிகுந்த மாயாதுன்னை அண்ணனின் பங்கையும் விரும்பினான். அவன் கோழிக்கோட்டு மரக்காயர்களின் கப்பற்படையைத் துணைக்கு அழைத்தான். புவனேகபாகு போர்த்துக்கீசியரை அழைத்தான்.

இந்தப் போட்டியில் நம் தமிழ்க் கரைக்கும் பங்குண்டு. மாயாதுன்னைக்கு உதவப் புறப்பட்ட மரக்காயர் படையைப் போர்த்துக்கீசியர் 1538இல் இராமநாதபுரம் கரையிலுள்ள வேதாளையில் முறியடித்தார்கள். முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் பகைவரின் கொடுமையிலிருந்து காக்கும்படி போர்த்துக்கீசியரை வேண்டி, கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றதும் அந்த ஆண்டுகளை ஒட்டித்தான். கடல் வாணிகமும் படைபலமும் வேதமும் ஒரே கப்பலில் பயணம் செய்த காலம் அது.

லிஸ்பன் சென்ற பொற்சிலை

புவனேகபாகுவுக்குப் பட்டத்தரசியிடம் ஆண் பிள்ளை இல்லை. மகள் சமுத்திராதேவியை வீதிய பண்டாரன் என்னும் இளவரசனுக்கு மணமுடித்திருந்தான். அவர்களுக்குப் பிறந்த மகனே தர்மபாலன். தனக்குப் பின் தம்பி மாயாதுன்னை அரியணை ஏறக்கூடாது, பேரனே ஏறவேண்டும் என்று பாட்டன் முடிவு செய்தான். அதற்குக் கடலுக்கு அப்பால் ஒரு சாட்சியைத் தேடினான்.

பொன்னால் பேரனின் உருவம் ஒன்று செய்யப்பட்டது. அரசவையின் பிராமணப் பண்டிதர் ஒருவர் தூதராகி, அந்தச் சிலையையும் முடியையும் எடுத்துக்கொண்டு லிஸ்பன் நகருக்குக் கப்பலேறினார். அங்கே போர்த்துக்கல் அரசர் 3ஆம் ஜோவான் தம் கையால் அந்தப் பொற்சிலையின் தலையில் முடி சூட்டினார். ஆண்டு 1543. இந்தக் காட்சியைச் செதுக்கிய யானைத் தந்தப் பேழை ஒன்று ஜெர்மனியில் மியூனிக் நகர அரண்மனைக் கருவூலத்தில் இன்றும் இருக்கிறது. இலங்கைக் கைவினைஞரின் வேலைத்திறனுக்கு அது ஒரு சான்று.

சிலைக்கு முடி சூட்டியபோது, உயிருள்ள பிள்ளை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் விளையாடிக்கொண்டிருந்தான். தன் வாழ்வு எழுதி முடிக்கப்பட்டதை அவன் அறியான்.

தூதருடன் 1543இல் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் கோட்டைக்கு வந்தனர். அவர்கள் தலைவர் ஜோவான் தெ விலா தொ கொந்தெ அடிகள். அரசன் திருமுழுக்குப் பெறுவான் என்பது அவர்கள் நம்பிக்கை. புவனேகபாகுவோ மரியாதையோடு மறுத்துவிட்டான். முன்னோர் சமயத்தை விட்டால் குடிமக்கள் தன்னை விட்டுவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அதே காலத்தில் மன்னார்த் தீவில் நடந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். முத்துக்குளித்துறையில் மறைபரப்பிய புனித சவேரியாரை மன்னார் மக்கள் தாமே அழைத்தார்கள். அவர் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பித் திருமுழுக்குக் கொடுக்கச் செய்தார். யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை 1544இல் அம்மக்களில் சுமார் 600 பேரை வெட்டி வீழ்த்தியது. அவர்களுக்குப் பொற்சிலை இல்லை. லிஸ்பனில் தூதரும் இல்லை. வேதத்தை விட மறுத்தார்கள், மடிந்தார்கள். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நமக்கு நல்லது.

சன்னலருகே ஒரு குண்டு

1551ஆம் ஆண்டு. களனியில் மாளிகையின் மேல்மாடத்தில் புவனேகபாகு வெளியே நோக்கி நின்றான். ஒரு போர்த்துக்கீசியனின் துப்பாக்கிக் குண்டு அவனைச் சாய்த்தது. கைதவறிய குண்டு என்றார்கள் சிலர். சதி என்றார்கள் வேறு சிலர். எதுவாயினும், துணைக்கு அழைத்தவர்களின் கையாலேயே அரசன் மாண்டான்.

சிறுவன் தர்மபாலன் அரசனானான். தந்தை வீதிய பண்டாரன் அவன் பெயரால் ஆட்சி நடத்தினான். பாட்டனை இழந்த பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய போர்த்துக்கீசிய இராஜப்பிரதிநிதி அபோன்சோ தெ நொரோன்ஹா கோவாவிலிருந்து பெரும் படையுடன் வந்தார். வந்தவர் அரண்மனைப் புதையலைத் தேடினார். இருக்கும் இடத்தைச் சொல்லும்படி அரண்மனைப் பணியாளர்களை வதைத்தார். கிடைத்ததை அள்ளிச் சென்றார். இதைச் சொல்லி வருந்தியவர்களுள் போர்த்துக்கீசிய ஆசிரியர்களும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

சில காலத்தில் வீதிய பண்டாரனையும் சிறைப்பிடித்தார்கள். சிறையிலிருந்து தப்பிய அவன் போர்த்துக்கீசியரை எதிர்த்துப் போராடினான், கோவில்களையும் சுட்டெரித்தான். பின்பு தோற்று, வடக்கே யாழ்ப்பாணத்துக்கு ஓடி, அங்கே ஒரு கலகத்தில் கொல்லப்பட்டான். தன் மகனைத் தாங்கி நிற்பவர்களோடு போரிட்டுத் தந்தை மடிந்தான். மகன் அரண்மனையில் இருந்தான். அவனைச் சுற்றி நின்ற காவல் வீரர் போர்த்துக்கீசியர். அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் பிரான்சிஸ்கு சபைத் துறவியர். அவனுக்கென்று வேறு யார் இருந்தார்கள்?

திருமுழுக்கும் அதன் பின்னும்

1557இல் தர்மபாலன் திருமுழுக்குப் பெற்றான். தன் சிலைக்கு முடி சூட்டிய அரசரின் பெயரையே தாங்கி, தொம் ஜோவான் பெரிய பண்டாரன் ஆனான். அரசி தோனா கத்தரீனா ஆனாள். பிரபுக்கள் பலரும் உடன் திருமுழுக்குப் பெற்றனர். கோவாவிலும் லிஸ்பனிலும் மகிழ்ச்சி பொங்கியது. இலங்கையில் ஆட்சியிலிருந்த ஓர் அரசன் கத்தோலிக்கனாகியிருந்தான்.

கோட்டை மக்களின் வீடுகளிலோ துக்கம். பாட்டன் எதை அஞ்சினானோ அதுவே நடந்தது. தலதா ஆலயத்துக்கும் களனி விகாரைக்கும் உரிய நிலங்களை அரசன் பிரான்சிஸ்கு சபையாருக்கு எழுதிக்கொடுத்தான். பல தலைமுறைகளாகத் தங்கள் முன்னோர் படையலிட்டு வணங்கிய இடத்தின் நிலம் கைமாறியதைக் கண்ட மக்கள் கொதித்தெழுந்தனர். பௌத்தர்கள் போற்றும் புனிதப் பல்லை எடுத்துக்கொண்டு சீதாவாக்கை நாட்டுக்குப் போய்விட்டனர். மாயாதுன்னை இனி வெறும் தம்பி அல்லன். சமயத்தைக் காக்க வந்தவன் ஆனான். குடிகள் சாரிசாரியாக அவன் பக்கம் சாய்ந்தனர்.

இதை மறைக்காமல் எழுதுவது நம் கடமை எனக் கருதுகிறோம். பிற சமயத்தாரின் உரிமையை மதிக்க வேண்டும் என்பதை 2ஆம் வத்திக்கான் சங்கம் நமக்குத் தெளிவாகக் கற்பித்துள்ளது. நம் கோவில் நிலத்தை ஒருவர் பிடுங்கினால் நமக்கு நோகாதா? அவர்களுக்கும் நொந்தது. கிறிஸ்துவை அறியவேண்டிய மக்கள் அவர் பெயரைக் கேட்டதும் நிலம் பறிபோனதை நினைக்கும்படி ஆயிற்று. அந்த இளைஞனின் விசுவாசம் உண்மையாகவே இருந்திருக்கலாம். கையிலிருந்ததை எல்லாம் கடவுளுக்குக் கொடுக்கிறோம் என்றே அவன் எண்ணியிருக்கலாம். ஆயினும் தன்னுடையது அல்லாததைக் காணிக்கையாக்கினால் அது காணிக்கை ஆகாது.

நாடில்லா அரசன்

மாயாதுன்னையும் அவன் மகன் இராஜசிங்கனும் ஓயாமல் போர் தொடுத்தனர். முல்லேரியாவில் போர்த்துக்கீசியர் பெரும் தோல்வி கண்டனர். 1564, 1565ஆம் ஆண்டுகளில் கோட்டை நகர் நீண்ட முற்றுகைக்குள்ளாகிப் பட்டினியில் வாடியது. முற்றுகை விலகியதும் போர்த்துக்கீசியர் ஒரு முடிவுக்கு வந்தனர்: இந்நகரைக் காப்பது வீண், கொழும்பு ஒன்றே போதும். 1565இல் அரசனையும் மக்களையும் கொழும்புக்குக் கொண்டுசென்றார்கள். பராக்கிரமபாகுவின் தலைநகரம் வெறிச்சோடியது.

அதன் பின் 30 ஆண்டுகளுக்கு மேல் தர்மபாலன் கொழும்பில் இருந்தான். அரசன் என்றே அழைத்தார்கள். ஆனால் மதிலுக்கு வெளியே அவன் சொல் செல்லாது. மதிலுக்கு உள்ளேயும் தளபதியின் சொல்லே செல்லும். செலவுக்கும் பிறரை எதிர்பார்க்க வேண்டிய நிலை. ஒருமுறை அவனுக்கு நஞ்சூட்டினார்கள் என்றும், உயிர் பிழைத்தாலும் பற்கள் உதிர்ந்து பேச்சுக் குழறிப்போயிற்று என்றும் அக்கால வரலாற்று ஏடுகள் கூறுகின்றன. சீதாவாக்கையிலிருந்து நல்வார்த்தை வராமலும் இல்லை. வேதத்தை விட்டுத் திரும்பியிருந்தால் குடிகளை ஒருவேளை திரும்பப் பெற்றிருக்கலாம். அவன் திரும்பவில்லை. இதை அவனுடைய எதிரிகளும் மறுக்கமாட்டார்கள்.

1580ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், வாரிசு இல்லாத அவ்வரசன் தன் நாட்டைத் தனக்குப் பின் போர்த்துக்கல் அரசருக்கு உரியதாக்கிச் சாசனம் எழுதிக் கொடுத்தான். இதில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். போர்த்துக்கல் அரசர் ஹென்றி அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாளே இறந்துவிட்டிருந்தார். அவருக்கும் வாரிசு இல்லை. செய்தி கடல் கடந்து வர மாதங்கள் ஆகும் காலம் அது. நாடில்லாத அரசன், உயிரோடில்லாத அரசருக்கு நாட்டை எழுதிக் கொடுத்தான்! போர்த்துக்கல் முடி ஸ்பெயின் அரசர் 2ஆம் பிலிப்புக்குப் போயிற்று. அதனோடு இலங்கைச் சாசனமும் போயிற்று.

1587இல் இராஜசிங்கன் கொழும்பையே முற்றுகையிட்டான். மறு ஆண்டு வரை நீடித்த அந்த முற்றுகையையும் நகரம் தாங்கியது. 1593இல் இராஜசிங்கன் இறக்க, சீதாவாக்கையின் வலிமையும் குலைந்தது. போர்த்துக்கீசியர் கோட்டை நாட்டின் பெரும்பகுதியை மீட்டனர். ஆனால் மீட்டது யாருக்காக? 1597 மே 27ஆம் நாள் தர்மபாலன் கொழும்பில் காலமானான். பிரான்சிஸ்கு சபைக் கோவிலில் அவனை அடக்கம் செய்தார்கள். கோட்டை அரசு அன்றோடு முடிந்தது.

ஒரு சாசனமும் ஒரு சிறு நூலும்

போர்த்துக்கீசிய ஆசிரியர் சிலர் இவனைப் பக்தியுள்ள அரசன் என்று புகழ்ந்தனர். சிங்கள வரலாற்றாசிரியர் பலர் நாட்டை விற்றவன் என்று இகழ்ந்தனர். நாம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு முதலில் ஒரு பிள்ளையைக் காண்கிறோம். பாட்டனுக்கு அவன் தம்பியை வெல்லும் ஆயுதம். தந்தைக்கு ஆட்சிக்கு ஏறும் படி. தளபதிகளுக்கு இலவங்கப் பட்டைக்கான முத்திரை. துறவியருக்கு நாடு முழுவதையும் மனந்திருப்பும் குறுக்குவழி. அவனை அவனாகவே பார்த்தவர் யார்? சாலமோன் இளைஞனாக அரியணை ஏறியபோது ஞானத்தைக் கேட்டான். தர்மபாலனிடம் என்ன வேண்டும் என்று கேட்டவரே இல்லை.

அவன் சாசனம் எழுதிய காலத்திலேயே நம் தமிழ்க் கரையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. சேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் தமிழை முறையாகக் கற்று, மீனவ மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே மறையைப் போதித்து வந்தார். 1578இல் கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் அச்சேறியது. 16 பக்கமே கொண்ட அச்சிறு நூல்தான் தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் பழமையானது. பரதவ மக்களின் திருமுழுக்கிலும் அரசியல் கலந்திருந்தது உண்மையே. ஆனால் அதன் பின்னே கற்பித்தல் இருந்தது. அவர்கள் மொழியைக் கற்ற மேய்ப்பர் இருந்தார். மாலைதோறும் செபம் சொல்லித்தரும் உபதேசியார் இருந்தார். சாசனம் செல்லாக்காசாயிற்று. அந்தச் செபங்கள் 400 ஆண்டுகளுக்கு மேலாக வாயிலிருந்து வாய்க்கு வந்துகொண்டிருக்கின்றன.

முடி போயிற்று, மந்தை நின்றது

1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டனர், கோவில்கள் பறிக்கப்பட்டன, மறைவில் பூசை காண்பதும் குற்றமாயிற்று. அரசனின் கொடையால் வந்தவை எல்லாம் சில ஆண்டுகளில் காற்றோடு போயின.

விசுவாசமும் போயிற்றா? இல்லை. குரு இல்லாமலே செபமாலை சொன்னார்கள். பெற்றோர் பிள்ளைகளுக்கு மந்திரங்களைக் கற்பித்தார்கள். ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின், 1687இல், கோவாவைச் சேர்ந்த குரு யோசேப்பு வாஸ் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு, யார் அதைக் கண்டு முகம் மலர்கிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்தே தம் மக்களைக் கண்டுபிடித்தார் என்று சொல்லப்படுகிறது. தமிழும் சிங்களமும் கற்றார். கண்டியில் ஒற்றன் என்று சந்தேகித்து அவரைச் சிறையிட்டார்கள். பின்னர் பௌத்த அரசன் 2ஆம் விமலதர்மசூரியனே அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தான். 1697இல் அம்மை நோய் கண்டியைச் சூறையாடியபோது, உறவினரும் தொட அஞ்சிய நோயாளிகளை மதம் பாராமல் தம் கையால் பேணியவர் அவர். 1711இல் மறைந்த அவரை 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

கத்தோலிக்க அரசன் இருந்தபோது திருச்சபை மதிலுக்குள் சுருங்கியது. பௌத்த அரசனின் நாட்டில், நிலமும் படையும் இல்லாத ஒரு குருவின் கையில் அது மீண்டும் தழைத்தது. இறைவனின் வழிகள் மனிதர் கணக்குக்கு அகப்படுமா?

நம் பங்கும் நம் பிள்ளைகளும்

இந்த வரலாறு வடசென்னைக் கடற்கரையில் வாழும் நமக்கு அந்நியமானதன்று. இராயப்பர் பெயரால் வழங்கும் இராயபுரத்தில் அவர் பெயரால் நிற்கும் பழைய கோவிலை எந்த மன்னனும் கட்டித் தரவில்லை. துறைமுகம் கட்டப்படாத காலத்தில் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்கும்; கொந்தளிக்கும் அலைகளைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தவை மசுலா படகுகள். அப்படகுகளை ஓட்டிய மக்கள் தம் உழைப்பின் பயனைக் கொடுத்து எழுப்பிய கோவில் அது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கடலோரக் குப்பங்களிலும் ஆலைகளைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளிலும் திருச்சபை வளர்ந்ததும் மீனவரும் தொழிலாளரும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த காசினாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் தோள் கொடுத்த வேலையினாலும்தான். நம் பங்கின் யூபிலியும் அவர்களுடைய யூபிலியே.

மற்றொன்றும் சொல்லி முடிப்போம். இந்த யூபிலியில் நம் இளைஞர்களுக்குப் பொறுப்புகளைக் கொடுக்கிறோம். சங்கங்களில் பதவி கொடுக்கிறோம். மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். நல்லதே. ஆனால் முடியைச் சூட்டிவிட்டு, நம் காரியத்துக்கு அவர்களைக் கருவியாக்கிக்கொள்ளாதிருப்போமாக. நம் சண்டையை அவர்கள் தலையில் ஏற்றாதிருப்போமாக. அவர்கள் சொல்வதை முதலில் கேட்போம், செபிக்கக் கற்றுக்கொடுப்போம், அண்டை வீட்டுப் பிற சமயத்தாரை மதிக்கக் கற்றுக்கொடுப்போம், தவறினால் அருகில் நிற்போம். தர்மபாலனுக்குக் கிடைக்காத இந்த நான்கும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்குமானால், அடுத்த யூபிலியைக் கொண்டாட இப்பங்கில் ஆட்கள் குறைவுபட மாட்டார்கள்.

பிறர் வகுத்த வழியில் வாழ்ந்து, தான் ஏற்ற விசுவாசத்தைக் கடைசி வரை விடாமல் மாண்ட அந்த அரசனின் ஆன்மாவுக்காகவும், அவனால் மனம் நொந்த மக்களுக்காகவும் நாம் ஒரு முறை செபிப்போம். முடிகள் மண்ணாகும், வலை இழுக்கும் கைகள் எழுப்பிய கோவில் நிற்கும். இறைவனுக்கே புகழ்!